அடைப்புக்குறிக்குள் ஒரு தாயின் மரணம்

வர்ஜீனியா வுல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' நாவலைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கேள்விகள். முதல் பாகம் முழுக்க வீட்டையே தாங்கி நிற்கிற திருமதி ராம்ஸேயை ஏன் ஒரே வாக்கியத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள், சாகடித்தார்? கடைசியில் படகில் போகிற அப்பாவும் பிள்ளைகளும் சமாதானம் ஆனார்களா இல்லையா? ஆனால் நடுவில் "ஏமாற்றப்பட்டது போல இருந்தது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. இந்த எழுத்தாளருக்கு மனிதர்கள் மேல் அக்கறை உண்டா, இல்லை காலம் என்கிற பெரிய விஷயத்தைப் பேச இந்தக் குடும்பம் வெறும் சாக்கா?

ஆங்கில இலக்கிய வகுப்பில் இந்த நாவலைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அந்த வாக்கியம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற மாணவர் அநேகமாக ஒவ்வொரு வருடமும் இருப்பார். அவர் சரியாகத்தான் படிக்கிறார். அந்த அதிர்ச்சி அங்கே வர வேண்டும். ஆனால் அதிலிருந்து "காலம்தான் கதாநாயகன், மனிதர்கள் துணைப்பாத்திரங்கள்" என்ற முடிவுக்குப் போவதை நான் ஏற்கவில்லை. என் பார்வையில் இந்த நாவலில் காலத்தை அளக்கிற கருவியே குடும்பம்தான். ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டியிருந்து கொடுக்காமல் விட்டது எதுவோ, அதை வைத்துத்தான் இங்கே வருடங்கள் ஓடுகின்றன. சொல்லாத ஒரு பாராட்டு, கேட்டும் கிடைக்காத ஓர் ஆறுதல், தள்ளிப்போட்ட ஒரு பயணம். வீடு பாழாகிறது, சிலர் செத்துப்போகிறார்கள், ஒரு போர் வந்து போகிறது. அந்தப் பாக்கிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

படிக்காதவர்களும் பின்தொடர வசதியாகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் மேற்கே ஸ்கை தீவில் ஒரு கோடைக்கால வீடு. தத்துவப் பேராசிரியர் ராம்ஸே, அவர் மனைவி, எட்டுப் பிள்ளைகள், சில விருந்தாளிகள். நாவலுக்கு மூன்று பாகங்கள். 'ஜன்னல்' என்ற முதல் பாகம் ஒரே ஒரு செப்டம்பர் மாலையும் இரவும்தான்; ஆனால் புத்தகத்தில் பாதிக்கு மேல் அதுவே எடுத்துக்கொள்கிறது. 'காலம் கடக்கிறது' என்ற நடுப்பாகம் பத்து வருடங்களைச் சொற்பப் பக்கங்களில் கடக்கிறது. 'கலங்கரை விளக்கம்' என்ற மூன்றாம் பாகம் மறுபடியும் ஒரே ஒரு காலைப்பொழுது. வுல்ஃப் தன் குறிப்பேட்டில் இந்த அமைப்பை வரைந்தே வைத்திருந்தார்: இரண்டு கட்டங்கள், நடுவில் அவற்றை இணைக்கிற ஒரு தாழ்வாரம். எழுதத் தொடங்கும் முன்பே முடிவுசெய்த வடிவம் அது. ஆகவே திருமதி ராம்ஸேயின் மரணம் அந்தத் தாழ்வாரத்துக்குள் விழுந்தது தற்செயல் இல்லை.

முதல் பக்கத்துக்குப் போவோம். ஆறு வயது ஜேம்ஸ் தரையில் உட்கார்ந்து ஒரு கடையின் விலைப்பட்டியலிலிருந்து படங்களைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறான். நாளை வானிலை நன்றாக இருந்தால் கலங்கரை விளக்கத்துக்குப் போகலாம் என்று அம்மா சொல்கிறாள். அப்பா ஜன்னலருகே வந்து நின்று, நன்றாக இருக்காது என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் கையில் ஒரு கோடாரி கிடைத்திருந்தால் அப்பாவின் மார்பைப் பிளந்திருப்பான் அந்தப் பையன். பிறகு குழந்தைகள் தூங்கப்போகும் நேரத்தில், இதை இவன் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பான் என்று திருமதி ராம்ஸே நினைக்கிறாள். நாவலின் முழுக் கணக்கும் இந்த இடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. பெரியவர்களுக்கு அது நாளைய வானிலை பற்றிய ஒரு பேச்சு. குழந்தைக்கு அது பத்து வருடம் நிற்கப்போகிற ஒரு வழக்கு. ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காலம் ஓடுகிறது என்பதை வுல்ஃப் விளக்கிச் சொல்வதில்லை. காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்த மாலை முழுக்க அம்மா ஒரு காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். கலங்கரை விளக்கக் காவலரின் மகனுக்கு இடுப்பில் காசநோய், அந்தப் பையனுக்காக. அளவு பார்க்க ஜேம்ஸின் காலில் வைத்துப் பார்க்கிறாள். அவன் பொறாமையில் வேண்டுமென்றே காலை ஆட்டுகிறான். அவ்வளவுதான் வெளியே நடப்பது. அதற்குள் அவள் மனம் நாற்காலிகள் நைந்துபோனது, கதவுகளை யாரும் சாத்துவதே இல்லை, மலைநாட்டிலிருந்து வந்த வேலைக்காரப் பெண்ணின் அப்பா அங்கே செத்துக்கொண்டிருப்பது என்று எங்கெங்கோ போய் வருகிறது. எரிக் அவுர்பாக் என்ற ஜெர்மானிய அறிஞர், நாஜிகளால் வேலை இழந்து இஸ்தான்புல்லில் இருந்தபோது எழுதி 1946-ல் வெளியான 'மிமெஸிஸ்' நூலின் கடைசி அத்தியாயத்தை இந்தக் காலுறைக்கே கொடுத்திருக்கிறார். ஹோமரில் தொடங்குகிற ஒரு நூல் இந்தக் காலுறையில் வந்து முடிகிறது என்பதே பெரிய விஷயம். வெளியே சில வினாடி, உள்ளே பல வருடம் என்ற அந்த விகிதத்தை அவர் அளவுக்கு நிதானமாகக் காட்டியவர்கள் குறைவு. நான் கூடுதலாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்த உள்ளே ஓடுகிற காலம் பொத்தாம்பொதுவான நினைவோட்டம் இல்லை. ஒரு தாயின் பொறுப்புகளின் பட்டியல். அவள் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதாகத்தான் அவள் மனதில் காலம் இருக்கிறது.

இன்னொரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அங்கிருந்துதான் உங்கள் கேள்விக்குப் பதில் கிளம்புகிறது. இரவு விருந்து முடிந்து திருமதி ராம்ஸே குழந்தைகள் அறைக்குப் போகிறாள். சுவரில் ஒரு காட்டுப்பன்றியின் மண்டையோடு ஆணியடித்து மாட்டியிருக்கிறது. அதன் நிழலுக்குப் பயந்து மகள் கேம் தூங்க மாட்டேன் என்கிறாள். அதைத் தொட்டால் ஜேம்ஸ் கத்துவான். இருவரில் யாருக்கு விட்டுக்கொடுப்பது? அம்மா தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து மண்டையோட்டின் மேல் சுற்றிச் சுற்றிப் போர்த்துகிறாள். கேமிடம் போய், இப்போது இது ஒரு பறவைக்கூடு மாதிரி, ஓர் அழகான மலை மாதிரி என்று தாலாட்டுவது போலச் சொல்லித் தூங்கவைக்கிறாள். பிறகு ஜேம்ஸிடம் வந்து, மண்டையோடு அங்கேயேதான் இருக்கிறது, யாரும் தொடவில்லை என்கிறாள். இரண்டும் உண்மை. எதிரும் புதிருமான இரண்டு தேவைகளை ஒரே துணியால் மூடிவிடுகிற அந்தச் சாமர்த்தியம்தான் அவளுடைய தாய்மை. பறவைக்கூடு என்று சொன்ன துணிக்குள் இருப்பது மரணம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்போது நடுப்பாகத்தைத் திறந்து அந்தச் சால்வையைத் தேடுங்கள். பூட்டிய வீட்டில் ஓர் இரவு அதன் ஒரு மடிப்பு தளர்ந்து காற்றில் ஆடுகிறது. பிறகு இன்னொரு மடிப்பு. அந்தப் பாகத்தில் மரணங்கள் அடைப்புக்குறிக்குள் போய்விட்டன என்று நாம் குறைப்படுகிறோம். ஆனால் அடைப்புக்குறிக்கு வெளியே நடப்பதும் அதே மரணம்தான். அவள் கட்டிவைத்தது முடிச்சு முடிச்சாக அவிழ்கிறது. ஒருவர் செத்த சேதி ஒரு வாக்கியத்தில் வருகிறது. அந்த ஆள் இல்லாமல் போவது வருடக்கணக்காக நடக்கிறது. துக்கம் கண்டவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இதைவிட நியாயமாக அந்த மரணத்தை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. படுக்கையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிற காட்சி ஒன்றை எழுதியிருந்தால் நாம் அழுதிருப்போம், அழுதுவிட்டு மேலே போயிருப்போம். வுல்ஃப் நமக்கு அந்த வசதியைத் தரவில்லை.

அந்த வாக்கியத்தையும் பார்த்துவிடுவோம். இருட்டான ஒரு காலையில் ராம்ஸே வீட்டின் நடைவழியில் தடுமாறிக்கொண்டு கைகளை நீட்டுகிறார். ஆனால் முந்தைய இரவே திருமதி ராம்ஸே திடீரென்று இறந்துவிட்டதால் கைகள் வெறுமையாகவே நிற்கின்றன. இறப்பு துணைத்தகவல், நீட்டிய கைகள்தான் முக்கியச் செய்தி. 1927 மே 5-ஆம் தேதி லண்டனிலும் அமெரிக்காவிலும் நாவல் வெளியானபோது இந்த வாக்கியம் இரண்டு பதிப்பிலும் ஒரே மாதிரி இல்லை. லண்டன் பதிப்பில் கைகளை நீட்டினார் என்பது இரண்டு தடவை வந்து, அவை வெறுமையாக இருந்தன என்பது தனி வாக்கியமாக நிற்கிறது. அமெரிக்கப் பதிப்பில் எல்லாம் ஒரே வாக்கியமாக முடிகிறது. அச்சுப்படியைத் திருத்தும்போதுகூட அவர் இந்த வரியோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது. போகிற போக்கில் எழுதித் தள்ளிய வரி இல்லை அது.

இதே இடத்தில் அவர் வாழ்க்கையும் குறுக்கே வருகிறது. வுல்ஃபின் தாய் ஜூலியா ஸ்டீஃபன் 1895 மே 5-ஆம் தேதி இறந்தபோது மகளுக்கு வயது 13. பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பில் அந்தக் காலையைச் சொல்கிறார். அப்பா அறையிலிருந்து தள்ளாடிக்கொண்டு வெளியே வருகிறார். அவரைப் பிடித்து நிறுத்த மகள் கைகளை நீட்டுகிறாள். அவர் ஏதோ கத்திக்கொண்டே அவளைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். அங்கே வெறுமையாக நின்றவை மகளின் கைகள். நாவலில் அவை அப்பாவின் கைகள் ஆகியிருக்கின்றன. தனக்குக் கிடைக்காத ஆறுதலை எழுதும்போது, அதே ஆறுதல் கிடைக்காதவராக அப்பாவை அவர் பார்க்கிறார். நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது அலட்சியம் என்று இதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாழ்க்கையில் இருந்ததும் நாவலில் இருப்பதும் எங்கே ஒட்டுகின்றன என்பதில் உறுதியான விஷயங்களும் உண்டு, ஊகங்களும் உண்டு. ஸ்டீஃபன் குடும்பம் 1882 முதல் 1894 வரை கோடைக்காலங்களை கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் டாலண்ட் ஹவுஸ் என்ற வீட்டில் கழித்தது, அங்கிருந்து காட்ரெவி கலங்கரை விளக்கம் தெரியும் என்பது உறுதி. பிள்ளைகள் நடத்திய வீட்டுப் பத்திரிகையில், 1892-ல், கலங்கரை விளக்கத்துக்குப் போக விடாததால் கடைக்குட்டி ஏட்ரியன் மிகவும் ஏமாந்துபோனான் என்று செய்தி வந்திருப்பதும் உறுதி. நாவலைப் படித்த அக்கா வனெஸா, அம்மாவை உயிரோடு எழுப்பிக் கொண்டுவந்துவிட்டாய் என்ற பொருளில் எழுதியதும் உறுதி. ஆனால் திருமணமாகிப் பிரசவம் தொடர்பாக இறக்கிற ப்ரூவும், திருமணமான சில மாதங்களில் 1897-ல் இறந்த, அம்மாவின் முதல் திருமணத்தில் பிறந்த அக்கா ஸ்டெல்லாவும் ஒன்றா? போரில் குண்டு வெடித்துச் சாகிற ஆண்ட்ரூவும், 1906-ல் டைஃபாய்டில் இறந்த அண்ணன் தோபியும் ஒன்றா? சாயல் இருக்கிறது, அதற்கு மேல் நான் போகமாட்டேன். நாவல் வெளியான தேதி தாயின் நினைவுநாளாக அமைந்ததை அவர் வேண்டுமென்றே செய்தாரா என்பதும் அப்படித்தான். பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக அதைச் சாட்சியாக வைக்க முடியாது.

சரி, பாக்கிக்கு வருகிறேன். முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் கணவனும் மனைவியும் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் படிக்கிறார், அவள் பின்னுகிறாள். உன்னை நேசிக்கிறேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர் தவிக்கிறார். அவளால் அது மட்டும் முடியாது. எதை எதையோ கொடுக்கத் தெரிந்தவளுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கத் தெரியவில்லை. கடைசியில் புன்னகைத்துக்கொண்டே, நீங்கள் சொன்னது சரிதான், நாளை மழைதான், போக முடியாது என்கிறாள். அவருக்குப் புரிந்துவிடுகிறது. முதல் பக்கத்துச் சண்டையில் அவர் பக்கம் சாய்வதுதான் அவள் தருகிற அன்பு. ஆனால் இதற்கு விலை கொடுப்பது மாடியில் தூங்குகிற ஜேம்ஸ். கணவனுக்கான பாக்கி தீர்ந்த அதே வாக்கியத்தில் மகனுக்கான பாக்கி உறுதியாகிறது. காலுறையும் முடியவில்லை. திருமதி ராம்ஸேயை ஒரு தெய்வமாக வைத்துப் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவள் எல்லோருக்கும் கொடுக்கிறாள், ஆனால் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்க முடிவதில்லை. மற்றவர்கள் வாழ்க்கையை ஏற்பாடு செய்வதிலும் அவளுக்கு ஓர் அதிகார ஆசை உண்டு. விருந்தாளிகளாக வந்த பால், மின்டா இருவரையும் அவள்தான் முன்நின்று சேர்த்துவைத்தாள்; அந்தத் திருமணம் பிற்பாடு சரியாகப் போகவில்லை என்று மூன்றாம் பாகத்தில் தெரியவருகிறது. அவள் ஆசைப்பட்டபடி, விருந்தாளியாக வந்த ஓவியர் லில்லி பிரிஸ்கோ இன்னொரு விருந்தாளியான வில்லியம் பேங்க்ஸை மணந்துகொள்ளவும் இல்லை. இறந்தவளோடு மனதுக்குள் பேசுகிறபோது லில்லிக்கு அதில் ஒரு வெற்றி உணர்வுகூட வருகிறது. நேசித்த ஒருவரோடு அவர் இறந்த பிறகும் வாக்குவாதம் தொடரும் என்பதை இவ்வளவு நேர்மையாக எழுதிய நாவல்களை நான் அதிகம் படித்ததில்லை.

பத்து வருடம் கழித்து அதே வீட்டில் காலை. பயணத்துக்கு எல்லாரும் தயாராக வேண்டும். நான்ஸி அவசரமாக வந்து, கலங்கரை விளக்கத்துக்கு என்ன கொடுத்தனுப்புவது என்று கேட்கிறாள். படிக்கும்போது சாதாரணமாகக் கடந்துவிடுகிற வரி இது. ஆனால் முதல் பாகத்தில் இதே கேள்விக்கு அம்மாவிடம் யோசிக்காமலே பதில் இருந்தது: காலுறை, பழைய பத்திரிகைகள், கொஞ்சம் புகையிலை, அங்கே சலிப்பில் கிடப்பவர்களுக்கு உதவக்கூடிய எதுவும். அவள் இறந்ததால் வீட்டில் என்ன இல்லாமல் போயிற்று என்பதை ஒரு மகளின் திகைப்பில் சொல்லி முடித்துவிட்டார்.

ராம்ஸேக்கு இப்போது எழுபதுக்கு மேல். ஆறுதல் கேட்டு ஆள் தேடுகிறார். மனைவி இல்லாததால் அது லில்லியிடம் வந்து நிற்கிறது. லில்லியால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சங்கடத்தில் அவர் காலைப் பார்த்து, பூட்ஸ் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். கோபப்படுவார் என்று அவள் பயப்படும்போது அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. உற்சாகமாகக் குனிந்து, அவிழாத முடிச்சு ஒன்றை அவள் ஷூவில் மூன்று முறை போட்டுப் போட்டுக் காட்டுகிறார். அப்போதுதான் அவளுக்கு அவர் மேல் உண்மையான இரக்கம் பொங்குகிறது. அதற்குள் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், அவருக்கும் அது தேவைப்படவில்லை. கிளம்பிப் போய்விடுகிறார். கொடுக்க மனம் வந்தபோது வாங்க ஆள் இல்லை. லில்லி அந்த முழுக் காலையும் ஓவியத்தின் முன் நின்று செய்வது ஒரு வகையில் கைக்கு வந்து சேராத அந்த இரக்கத்தைக் கொடுக்க இடம் தேடுவதுதான். நீங்கள் "ஓவியம் எதற்கு இடையில் வருகிறது?" என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். என் பதில் இதுதான். அவள் அந்தக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை, மணம் செய்து வந்தவளும் இல்லை. ஆனால் திருமதி ராம்ஸேயின் பெயரைச் சொல்லிக் கத்தி அழுகிறவள் அவள் ஒருத்திதான். பெற்ற பிள்ளைகள் யாரும் இந்த நாவலில் அப்படி அழுவதில்லை.

இனி படகு. ஜேம்ஸுக்குப் பதினாறு, கேமுக்குப் பதினேழு. அப்பாவின் அதிகாரத்தை உயிருள்ளவரை எதிர்ப்பது என்று இருவரும் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். ஜேம்ஸின் கை சுக்கானில் இருக்கிறது. காற்று நின்று படகு அசையாமல் கிடக்கும்போது அவன் மனம் பின்னால் போகிறது. அப்பாவின் மார்பில் கத்தியை இறக்கும் ஆசை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆறு வயதில் இருந்த அதே கூர்மையோடு. ஆனால் இப்போது அதற்குள் இன்னொரு படம் வருகிறது. குழந்தையாக யார் மடியிலோ உட்கார்ந்திருக்கும்போது ஒரு வண்டிச்சக்கரம் யாருடைய பாதத்தையோ நசுக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பது போல. சக்கரத்தின் மேல் தப்பில்லை. அப்பாவைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தது தவறு, அவர் மேல் வந்து இறங்குகிற அந்த ஏதோ ஒன்றைத்தான் கொல்ல வேண்டும் என்று அவன் யோசிக்கத் தொடங்குகிறான். கோபம் தணியவில்லை, ஆனால் அதன் முகவரி மாறுகிறது. பத்து வருடம் அவனுக்குச் செய்த வேலை இவ்வளவுதான். இது கொஞ்சம் இல்லை. ஜேம்ஸை அப்பனைக் கொன்று தாயை அடைய நினைக்கிற மகன் என்ற ஃபிராய்டின் சட்டகத்தில் வைத்துப் படிப்பது வழக்கம். முதல் பாகத்துக்கு அது ஓரளவு பொருந்தும். இந்தச் சக்கரத்தை அந்தச் சட்டகத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. நான் உளவியல் படித்தவன் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் போனதும் ஜேம்ஸ் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிறான். சின்ன வயதில் அது மாலையில் மஞ்சள் கண்ணைத் திறக்கிற வெள்ளிப் பனிக்கோபுரம். இப்போது பாறைமேல் நேராக நிற்கிற ஒரு கட்டடம். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, ஜன்னல்கள், பாறையில் காயப்போட்ட துணிகூடத் தெரிகிறது. இதுதானா அது என்று நினைக்கிறான். இல்லை, அதுவும்தான் என்று உடனே நினைக்கிறான். எதுவும் ஒரே ஒரு பொருளாக மட்டும் இருப்பதில்லை. வயது வந்தபிறகு அப்பாவைப் பார்ப்பதும் அவனுக்கு அப்படித்தான் ஆகிறது: கொடுங்கோலரும் அவரேதான், தனியாக ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவரும் அவரேதான். கலங்கரை விளக்கம் எதற்குக் குறியீடு என்று தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓவியரும் கலை விமர்சகருமான நண்பர் ரோஜர் ஃபிரை இதைக் கேட்டபோது, அதற்குத் தான் எந்தப் பொருளும் வைக்கவில்லை, புத்தகத்தின் நடுவில் வடிவத்தைத் தாங்க ஒரு கோடு தேவைப்பட்டது என்று வுல்ஃப் பதில் எழுதினார். அதை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், சமாதானம் ஆனார்களா? கரைசேரும் நேரத்தில் அப்பா திரும்பி, நன்றாக ஓட்டினாய் என்று ஜேம்ஸிடம் சொல்கிறார். பத்து வருடமாக அவன் எதிர்பார்த்திருந்தது இதைத்தான் என்று கேமுக்குத் தெரிகிறது. அவனோ முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் விறைப்பாக இருக்கிறான். தனக்குக் கிடைத்ததில் ஒரு துளியைக்கூட யாருக்கும் பங்கு கொடுக்க அவன் தயாரில்லை. நாவல் தருவது இவ்வளவே. பெரிய தழுவல் இல்லை, மன்னிப்பு இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு பாக்கியில் ஒரு பகுதி வந்து சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். மன்னித்துவிட்டான் என்று சொல்ல நாவலில் இடமில்லை. நாளைக்கு மறுபடியும் அதே வீட்டில் அதே அப்பா காலை உணவு மேஜையில் எரிந்துவிழமாட்டார் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை.

வுல்ஃபுக்கு என்ன ஆனது என்பது மட்டும் அவர் சொல்லியே நமக்குத் தெரியும். தந்தை லெஸ்லி ஸ்டீஃபனின் பிறந்தநாளான 1928 நவம்பர் 28-ஆம் தேதி நாட்குறிப்பில், இருந்திருந்தால் அவருக்கு 96 வயது ஆகியிருக்கும், அப்படி இருந்திருந்தால் என் வாழ்க்கையே முடிந்துபோயிருக்கும், புத்தகங்களே வந்திருக்காது என்ற பொருளில் எழுதுகிறார். அடுத்து, முன்பெல்லாம் தினமும் அப்பாவையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த நாவலை எழுதியது அவர்களை என் மனதில் படுக்கவைத்துவிட்டது என்கிறார். அம்மாவைப் பற்றி வேறு இடத்தில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: நாற்பத்து நாலு வயதுவரை அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, எழுதி முடித்ததும் நின்றுவிட்டது. தாய் இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு இது. மனிதர்களை ஒரு பொருட்டாக நினைக்காத ஒருவர் முப்பது வருடம் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார். நீங்கள் ஏமாற்றம் என்று உணர்ந்தது, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஒரு காலையில் நேர்ந்ததன் அளவு. அதைக் குறைக்காமல் நமக்குக் கொடுத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் குறையோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். அது கேம். ஜேம்ஸுக்குப் பாராட்டு கிடைத்தது, ராம்ஸே கரையில் இளைஞனைப் போலத் துள்ளி இறங்கினார், லில்லி ஓவியத்தின் நடுவில் கடைசிக் கோட்டைப் போட்டு முடித்தாள். கேமுக்கு என்ன கிடைத்தது? அப்பா நாய்க்குட்டியின் பெயரைக் கேட்டு அவளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார்; பதில் சொன்னால் தம்பிக்குத் துரோகம், சொல்லாவிட்டால் தான் நேசிக்கிற ஒரு கிழவருக்குத் துரோகம். சால்வை சுற்றிய இரவில் அம்மா இருவருக்கும் நடுவே ஒரு வழி கண்டாள். இங்கே அந்த இடத்தில் கேம் நிற்கிறாள், கையில் சால்வை இல்லை. அவள் பக்கத்துக் கணக்கை நாவல் முடிக்கவில்லை. அது குறையா, வேண்டுமென்றே விட்டதா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. மறுபடி படிப்பதாக இருந்தால் மூன்றாம் பாகத்தின் படகுப் பகுதிகளை மட்டும் எடுத்து, ஜேம்ஸை ஒதுக்கிவைத்துவிட்டு, கேம் இருக்கிற பக்கமாகவே படித்துப் பாருங்கள். எனக்குப் பிடிபடாத ஏதாவது உங்களுக்குக் கிடைத்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.